அரசன் ஏறாத கப்பல்

கடல்மல்லை: ஒரு கரையின் வரலாறு – 14

சென்ற இதழில் மணிமங்கலத்துப் போர்க்களத்தில் நின்றோம். அடுத்தது சாளுக்கியத் தலைநகர் வாதாபிதான் என்று எதிர்பார்த்தவர்கள் பொறுத்தருள வேண்டும். வாதாபி எங்கும் போய்விடாது. காஞ்சி அரண்மனையில் ஒரு விருந்தாளி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறான். இலங்கை இளவரசன், பெயர் மானவர்மன். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்குப் பழக்கமானவன்தான். 1944 முதல் 1946 வரை வாரா வாரம் அந்தத் தொடரைப் படித்த பலர் அவனைக் கற்பனைப் பாத்திரம் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் அவன் இலங்கையின் பாலி வரலாற்று நூலான சூளவம்சத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க வருகிறவன்.

இந்தக் கரைக்கு அரச விருந்தாளிகள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். வந்தது, தங்கியது, திரும்பியது என்று முழுக் கதையும் எழுத்தில் கிடைக்கிற முதல் ஆள், என் கணக்கில், மானவர்மன்தான். அவன் வந்த நாளைக் குறித்தது அவன் தலைக்கு வந்த ஆபத்து. திரும்பிய நாளைக் குறித்தவர்களோ அவனுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை: சாளுக்கியர்கள். இந்த இதழில் சொல்ல வந்தது அதைத்தான்.

இலங்கை அப்போது இருந்த நிலைக்கு ஒரு வெளிச் சாட்சி உண்டு. 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போய்ப் பௌத்த நூல்களைக் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்நேரம் பார்த்து இலங்கையிலிருந்து சுமார் முந்நூறு பிக்குகள் காஞ்சியில் வந்து இறங்கினார்கள். எங்கள் அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம், கலகம், நாங்களே ஓடி வந்திருக்கிறோம் என்று சொன்னார்கள். சீனத் துறவி அந்தப் பயணத்தைக் கைவிட்டார். கற்க வேண்டியதை வந்தவர்களிடமே கேட்டுக்கொண்டு மேற்கு நோக்கி நடந்தார். பல்லாயிரம் மைல் வந்தவருக்குக் கடைசியில் ஒரு கடல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதையும் அரசியல் அடைத்துவிட்டது.

கடல்மல்லைத் துறைமுகத்துக்கும் தலைநகர் காஞ்சிக்கும் நடுவில் இருந்த நிலம் நாம் நன்றாக அறிந்ததுதான். காஞ்சியிலிருந்து பாலாற்றை ஒட்டிக் கிழக்கே வந்தால் செங்கல்பட்டு. பக்கத்திலேயே வல்லம் குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை. அதைத் தாண்டித் திருக்கழுக்குன்றம். அங்கேயும் ஒரு குடைவரை. ஒரே கல்லில் குடைந்ததால் ஒருகல் மண்டபம் என்று ஊரார் சொல்வார்கள். அந்த ஊர்க் கல்வெட்டு ஒன்று, முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையரின் பெயரைச் சொல்கிறது. அதற்கும் கிழக்கே கடல். துறையில் இறங்கிய சரக்கும் சேதியும் அகதியும் தலைநகரை எட்ட இந்த நிலத்தைக் கடந்தாக வேண்டும்.

மானவர்மன் இரண்டாம் காசியபனின் மகன். காசியபன் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். அரசுப் பொறுப்பைத் தன் சகோதரியின் மகனிடம் விட்டுவிட்டு அவன் கண்ணை மூடினான். இலங்கைக் கணக்குப்படி அது 650 வாக்கில். பிறகு நடந்தது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக நடப்பதுதான். அத்ததாடன் என்பவன் தமிழகத்தில் படை திரட்டிக்கொண்டு போய் அனுராதபுரத்தைப் பிடித்தான்; தாதோபதிஸ்ஸன் என்ற பெயரில் முடி சூடினான். பழைய அரசனின் மகனுக்கு இனி அங்கே என்ன வேலை? மானவர்மன் வடக்குப் பகுதியில் மறைந்து வாழ்ந்தான். அடையாளம் தெரிந்துபோனது. கடலைத் தாண்டிப் பல்லவன் நரசிம்மனின் காலடிக்கு வந்து சேர்ந்தான். அரசனின் மனம் தன் பக்கம் திரும்பியது தெரிந்த பிறகுதான் மனைவி சங்காவை வரவழைத்தான். முதலில் தான் மட்டும், ஆதரவு உறுதியான பின் குடும்பம். இன்றைக்கும் ஏதிலிகள் இப்படித்தான் வருகிறார்கள்.

சங்கா இலங்கையின் மலைநாட்டு அரசனின் மகள். காஞ்சியில் அவளுக்கு நான்கு ஆண் பிள்ளைகளும் நான்கு பெண் பிள்ளைகளும் பிறந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. எட்டுப் பிள்ளைகள் பிறக்கும் அளவுக்கு நீண்ட விருந்து. பல்லவன் தாராளமாக மானியம் கொடுத்தான், மரியாதை கொடுத்தான். படையை மட்டும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் சூளவம்சம் ஓர் இளநீர்க் கதை சொல்கிறது. நரசிம்மன் யானைமேல் போகிறான், கூடவே மானவர்மன். வெயில். தாகத்துக்கு அரசன் ஓர் இளநீரைக் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பது யாரென்று பார்க்காமல் மீதியை நீட்டுகிறான். வாங்கியவன் மானவர்மன். எச்சில். மறுத்தால் அரசனை அவமதித்ததாகும். குடித்தால் தன் குலம் தாழும். நண்பனின் எச்சிலில் இழிவு என்ன இருக்கிறது என்று எண்ணிக் குடித்துவிடுகிறான். தான் செய்துவிட்ட காரியம் அரசனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. மானவர்மன் வைத்த மீதியைத் தானே வாங்கிக் குடிக்கிறான். அன்று முதல் உணவு, படுக்கை, வாகனம் எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே மரியாதை என்று ஆகிறது. மானவர்மனின் வழியினர் அரியணையில் இருந்த காலத்து நினைவுகளை வைத்து நூலெழுதியவர்கள், பல்லவனிடம் சேவகம் செய்த நாட்களைக் கௌரவமாகச் சொல்ல இந்தக் கதை உதவியிருக்கும். அந்தச் சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் விருந்தாளியாகவும் சேவகனாகவும் ஒரே சமயத்தில் இருக்கும் ஒருவனின் சங்கடத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் நம் பக்கத்து ஆவணங்களில் இல்லை. நம் செப்பேடுகளில் அரசர்களுக்குத் தாகம் எடுப்பதில்லை.

அப்போது வல்லபன் என்ற அரசன் பல்லவன்மேல் படையெடுத்து வந்தான். மானவர்மனைப் போருக்கு அழைத்துச் செல்ல நரசிம்மனுக்கு விருப்பமில்லை. இவன் தன் நாட்டை மீட்பதற்காக என்னிடம் இருக்கிறான், களத்தில் செத்துவிட்டால் அவன் நினைத்ததும் நடக்காது, நான் நினைத்ததும் நடக்காது என்று நகரிலேயே விட்டுவிட்டுப் போனான். மானவர்மன் கேட்கவில்லை. யானை ஏறிக் களத்துக்கு வந்தான், சண்டையிட்டான், வல்லபன் உடைந்து ஓடினான். நரசிம்மன் அவனைக் கட்டித் தழுவிக்கொண்டான்.

வல்லபன் யார்? நம் புத்தகங்களில் பல, யோசிக்காமல் இரண்டாம் புலிகேசி என்று எழுதிவிடும். மணிமங்கலத்தில் மானவர்மன் வாள் வீசியதாகவும் சொல்லும். புலிகேசியை நரசிம்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. வாதாபி விழுந்தது 642இல். காசியபன் இறந்தது 650 வாக்கில் என்றால், அதற்குப் பின் ஓடி வந்த மகன் 642க்கு முந்திய போரில் எப்படி வந்தான்? வல்லபன் என்பது சாளுக்கியர் எல்லோரும் சூடிக்கொண்ட விருது. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 655இல் பட்டத்துக்கு வந்தான். நரசிம்மனோடு மோதியதாக அவனுடைய கத்வால் செப்பேடு பெருமை பேசுகிறது. சூளவம்சத்து வல்லபன் இந்த மகன்தான் என்று எடுத்துக்கொண்டால் முடிச்சு அவிழ்கிறது. கல்கியின் வாசகர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. நாவலுக்கு வேண்டிய நாட்காட்டி வேறு.

இனி நரசிம்மனால் தட்ட முடியாது. நண்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான், இனி கடன் என்னுடையது என்று படையைக் கொடுத்தான். மானவர்மன் கடல் தாண்டினான். தாதோபதிஸ்ஸன் தலைநகரை விட்டு ஓடினான். ஆனால், வெற்றி கைக்கு எட்டும் நேரத்தில், நரசிம்மன் கடும் நோயில் கிடக்கிறான் என்ற சேதி படைக்குள் பரவியது. பல்லவ வீரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அரசன் போனால் காஞ்சியில் அடுத்தது யார்? சாளுக்கியன் இடைவெளி பார்த்துக் காத்திருக்கிறான். அந்தச் சமயத்தில் அயல் தீவில் இன்னொருவன் அரியணைக்காக நிற்பதில் எந்த வீரனுக்கு அக்கறை இருக்கும்? தாதோபதிஸ்ஸன் திரும்பி வந்தான். மானவர்மன் மறுபடியும் கப்பலேறிக் காஞ்சிக்கே வந்தான். மறுபடியும் விருந்தாளி.

இந்த முறை காத்திருப்பு மிக நீண்டது. நான்கு அரசர்கள் காலம் வரை அவன் காஞ்சியிலேயே இருந்ததாகச் சூளவம்சம் கணக்குச் சொல்கிறது. ஏன் இவ்வளவு நாள்? நூல் காரணம் சொல்லவில்லை. பக்கத்து நாட்டுச் செப்பேடு சொல்கிறது. 674ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், காவிரியின் தென்கரையில், உறையூரில், பாசறை அடித்துத் தங்கியிருந்தபடி முதலாம் விக்கிரமாதித்தன் ஒரு தானம் வழங்குகிறான். வாதாபிக்காரன் உறையூரில் உட்கார்ந்து தானம் செய்கிறான் என்றால், வழியில் இருக்கும் காஞ்சியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். காஞ்சியைக் கைப்பற்றியதாக அவனே சொல்கிறான். பல்லவன் பரமேசுவரவர்மன் பின்னர்ப் பெருவளநல்லூரில் எதிர்த்து வென்று நாட்டை மீட்டான். அந்த ஆண்டுகளில் ஈழத்து இளவரசன் ஒருவனுக்காகக் கப்பல் கட்ட எவனுக்கு நேரம் இருந்திருக்கும்? மானவர்மனின் நாட்காட்டியை வாதாபியில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் மழையும் புயலும், பாய்மரம் நிற்காது. மார்கழி, தையில் வாடை நிலைத்து வீசும். பாயை விரித்தால் தெற்கே தள்ளிக்கொண்டு போகும். வெயில் ஏற ஏறக் காற்று திரும்பிவிடும். ஆண்டில் சில மாதங்கள்தான் படையேற்ற வாய்ப்பு. அந்த மாதங்களில் சாளுக்கியன் சும்மா இருக்க வேண்டும், அரசன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், அங்கே எதிரி அசந்திருக்க வேண்டும். எல்லாம் ஒருசேர அமையும் ஆண்டு ஒரு மனிதனின் வாழ்நாளில் எத்தனை முறை வரும்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் காலத்துக்கு வருகிறேன். முறையற்ற தாவல்தான்; ஆனால் இந்தக் கரையே இப்படித் தாவ வைக்கிறது.

அரச விருந்தாளியின் தேதியை விருந்தாளியே குறிப்பதில்லை என்பதற்குப் பக்கத்துச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. புதிய சட்டசபைகளைத் தொடங்கிவைக்க வேல்ஸ் இளவரசர் எட்வர்டு வருவதாக இருந்தது. அது தள்ளிப்போய், 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் வந்து சென்னைச் சட்டசபையைத் தொடங்கிவைத்தார். இளவரசர் பம்பாயில் இறங்கியது 1921 நவம்பரில். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. முதல் நாளே பம்பாயில் கலவரம். கல்கத்தாப் பயணமாவது அமைதியாக நடக்கட்டும் என்று வைஸ்ராய் ரீடிங் காங்கிரசோடு சமரசம் பேசிப் பார்த்தார், கைகூடவில்லை. 1922 ஜனவரி 13 அன்று இளவரசர் வருகையை எதிர்த்துச் சென்னையில் கதவடைப்பு. மவுண்ட் ரோடு வெலிங்டன் திரையரங்கு தாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் வீட்டைக் கூட்டம் சூழ்ந்தது. இருபத்தேழு வயது இளைஞருக்கு இதிலெல்லாம் என்ன பங்கு? சாம்ராஜ்யம் இன்னும் கெட்டியாக இருக்கிறது என்று காட்ட டெல்லிக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. முகத்தை அனுப்பியது லண்டன், நாளைக் குறித்தது டெல்லி, விலை கொடுத்தது மவுண்ட் ரோடு.

எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 1997 அக்டோபரில், எலிசபெத் ராணி சென்னைக்கு வந்தார். இந்தியா விடுதலையின் பொன்விழாக் கொண்டாடும் ஆண்டு. காஷ்மீர் பற்றிப் பிரிட்டிஷ் தரப்பில் எழுந்த பேச்சால் டெல்லி முகம் சுளித்திருந்தது. அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக் நினைவிடத்தில் தலைகுனிந்துவிட்டுத் தெற்கே வந்தவர், சென்னையில் ‘மருதநாயகம்’ படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். மருதநாயகமாகிய யூசுப் கான் 1758–59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது செங்கல்பட்டுப் பக்கமிருந்து அவர்களைக் குடைந்து கம்பெனிக்குக் கைகொடுத்தவன். 1764இல் அதே கம்பெனித் தரப்பு அவனைத் தூக்கிலிட்டது. அந்த நாட்டின் ராணி அவன் படத்தைத் தொடங்கிவைத்ததில் உள்ள நையாண்டியை விழா ஏற்பாட்டாளர்கள் தெரிந்தே செய்தார்களா? எனக்கென்னவோ தெரிந்தே செய்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

கடல்மல்லையாகிய மாமல்லபுரத்துக்கே வந்த விருந்தாளிகள் முடியில்லாத அரசர்கள். 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் இங்கே வந்தார். அடுத்துள்ள குழிப்பாந்தண்டலத்தில் தாய்சேய் நல விடுதி நிகழ்ச்சியிலும் கலந்துகொண்டார். சென்னையில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் ஜெமினி ஸ்டுடியோவையும் பார்த்தார். படங்களில் எல்லாம் சிரிப்பு. ஆனால் அந்தப் பயணத்தின் கனமான வேலை டெல்லியில் இருந்தது. புத்தரின் 2500ஆம் ஆண்டு விழாவுக்காக இளம் தலாய் லாமா இந்தியா வந்திருந்தார். திபெத்துக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார். சூ என்லாய் அவரைச் சந்தித்துத் திரும்பிப் போகச் சொன்னார். நேருவும் அதையே சொன்னார். தலாய் லாமா திரும்பினார். மூன்றாண்டுக்குள், 1959இல், தப்பி வந்தார். அவர் காத்திருந்ததும் மானவர்மன் காத்திருந்ததும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டிலும் அடுத்தவர் குறித்த நாளுக்காக ஒருவர் காத்திருந்தார் என்பது மட்டும் பொது.

2019 அக்டோபர் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு–காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்டு லடாக் தனி ஒன்றியப் பகுதியாகிறது. சீனா எதிர்ப்புத் தெரிவிக்கிறது, ஐ.நா. பாதுகாப்பு அவையின் மூடிய கூட்டத்துக்கு வழி செய்கிறது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் பெய்ஜிங்கில். கிழக்குக் கடற்கரைச் சாலையை இரவு பகலாகச் செப்பனிட்டாயிற்று, ஐந்து ரதத்தின் முன்னால் காய்கனித் தோரணம் கட்டும் வேலையும் வேகமெடுத்தது. ஆனால் ஷி ஜின்பிங் வருகிறார் என்ற முறையான அறிவிப்பு வந்ததோ 9ஆம் தேதிதான். இரண்டே நாள் கழித்து விருந்தாளி வந்து இறங்கினார். வேட்டி கட்டிய இந்தியப் பிரதமரோடு அர்ச்சுனன் தபசு, வெண்ணெய்ப் பந்து, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில். மறுநாள் கோவளத்தில் பேச்சு. மாமல்லபுரத்து மக்களுக்கு விஷயம் முன்பே தெரியும். தெருவில் தார் போடுவதை வைத்தே விருந்தாளியின் தகுதியைக் கணிக்கப் பழகியவர்கள் அவர்கள்.

தலைநகரில் சந்தித்தால் கூட்டறிக்கை வேண்டும். அதில் காஷ்மீர் இருந்தால் ஒருவருக்குச் சங்கடம், இல்லாவிட்டால் மற்றவருக்கு. கடற்கரையில் சந்தித்தால் சிற்பம் பார்த்தோம் என்று சொல்லலாம். 2017இல் டோக்லாம் மோதல், 2018இல் வூகான் சந்திப்பு, 2019இல் மாமல்லபுரம், 2020 ஜூனில் கல்வான். இந்த வரிசையில் மாமல்லபுரத்தை மட்டும் தனியே எடுத்து ‘நட்பின் நாள்’ என்று எழுதியவர்கள் பட்டியலை முழுசாகப் படிக்கவில்லை.

மானவர்மனிடம் திரும்புவோம். ஆண்டுகள் ஓடிவிட்டன. என்னையே நம்பி இருந்து இவன் கிழவனாகிவிட்டான், இதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி ஆளுவது என்று நரசிம்மன் மனம் குமைந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. இங்கே கணக்கு மறுபடி இடிக்கிறது. மாமல்லனாகிய முதலாம் நரசிம்மனின் ஆட்சி 668 வாக்கில் முடிகிறது. மானவர்மன் முடி சூடியதோ 684 வாக்கில் என்று இலங்கை வரலாற்றாசிரியர் பலர் கொள்கிறார்கள். நடுவில் இரண்டாம் மகேந்திரன், பிறகு பரமேசுவரன், அதன் பின்தான் இரண்டாம் நரசிம்மனாகிய ராஜசிம்மன். முதல் படையை அனுப்பியவன் மாமல்லன், இரண்டாவதை அனுப்பியவன் ராஜசிம்மன், பெயர் ஒன்றாக இருந்ததால் நூலாசிரியர் இருவரையும் ஒருவராக்கிவிட்டார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆண்டுகள் இரு பக்கமும் கொஞ்சம் முன்பின் நகரக்கூடியவை என்பதால் எனக்கும் அதுவே பொருந்தி வருவதாகப் படுகிறது. அப்படியென்றால் கொள்ளுப்பாட்டன் ஏற்ற விருந்தாளியைக் கொள்ளுப்பேரன் வழியனுப்பியிருக்கிறான். காஞ்சி அரண்மனையில் மானவர்மன் ஒரு பரம்பரைப் பொறுப்பாகவே ஆகியிருந்தான். மறுபக்கம், காசக்குடிச் செப்பேடு இலங்கை வெற்றியை மாமல்லன் கணக்கிலேயே எழுதி, இராமனின் வீரத்தை அவன் விஞ்சியதாகப் புகழ்கிறது. அது மாமல்லனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்திய நந்திவர்மன் காலத்து ஏடு. வெற்றிகளை மூத்தவர் பெயரில் வரவு வைப்பது ஏடெழுதுகிறவர்களுக்குப் பழக்கம்தான்.

அரசன் கடற்கரைக்கே வந்தான். பல வகைக் கப்பல்களைக் கட்டுவித்தான். எந்தத் துறை என்று நூல் சொல்லவில்லை. பல்லவனுக்குக் கடல்மல்லையை விட்டால் இவ்வளவு பெரிய காரியத்துக்கு வேறு துறை எது? மாணிக்கமும் யானையும் ஏற்றிய கலங்கள் நின்ற துறை என்று திருமங்கையாழ்வார் அடுத்த நூற்றாண்டில் பாடியது இந்த ஊரைத்தான்.

கப்பல்கள் தயார். அமைச்சர்களையும் படையையும் ஏறச் சொன்னான் அரசன். யாரும் அசையவில்லை. முன்பு ஒருமுறை போய் அரை வழியில் திரும்பியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அரசனே வந்தால் வருவோம் என்ற மனநிலை. அரசனால் வர முடியாது. காஞ்சியைக் காலியாக விட்டுவிட்டு ஒரு பல்லவன் கடலேறினான் என்ற சேதி பத்து நாளில் வாதாபிக்குப் போய்விடும். அவன் திரும்பும்போது கோட்டையில் யார் கொடி பறக்குமோ.

அப்போதுதான் அந்த யோசனை. அரசன் தன்னை மறைத்துக்கொண்டான். தன் ஆடை ஆபரணங்களையும் அரச சின்னங்களையும் மானவர்மனுக்கு அணிவித்துக் கப்பலில் ஏற்றினான். தன் முரசையும் கொடுத்து, கடல்மேல் போகப் போக முழக்கிக்கொண்டே போ என்றான். முரசு முழங்கியது. மன்னரே புறப்பட்டுவிட்டார் என்று வீரர்கள் முண்டியடித்து ஏறினார்கள். ஒரு நகரமே கடலில் மிதந்து போவதுபோல் இருந்ததாம். கரையில் மிஞ்சியவன் பல்லவ அரசன் ஒருவன்தான்.

அரச வருகையின் வரலாற்றில் இதற்கு ஈடாக இன்னொன்றைக் கண்டதில்லை. போகாத அரசன் போனதாக நம்பவைக்கப்பட்டான். போனவன் வேறொருவனின் அடையாளத்தை உடுத்திக்கொண்டு சொந்த வீட்டுக்குப் போனான். மானவர்மனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு படகு நிரம்பாது, பல்லவன் முரசைக் கொட்டினால் ஒரு கடற்படை கிளம்புகிறது. இளநீரில் தொடங்கிய சங்கடம் இங்கேதான் உச்சத்துக்கு வருகிறது. அதை விழுங்கினான், வென்றான்.

இலங்கையில் அப்போது உண்மையான அதிகாரம் பொத்தகுட்டன் என்ற தமிழ்த் தலைவன் கையில் இருந்தது. பொம்மை அரசர்களை அவனே அமர்த்திக்கொண்டிருந்தான். கடைசிப் பொம்மையாகிய இன்னொரு அத்ததாடனின் தலை மானவர்மனிடம் கொண்டுவரப்பட்டது. பொத்தகுட்டன் ஒரு நண்பனிடம் ஓடினான். அடைக்கலம் வந்தவனைப் பிடித்துக் கொடுக்கவும் மனமில்லை, வென்றவனைப் பகைக்கவும் வழியில்லை. அந்த நண்பன் நஞ்சு கலந்த பணியாரம் தின்று உயிரை விட்டான். பொத்தகுட்டனும் அதையே தின்றான். ஒரு அகதியை அரசனாக்கிய கதையின் முடிவில் இன்னொரு அகதியும் அவனுக்கு இடம் கொடுத்தவனும் இப்படிச் செத்துக் கிடப்பதைச் சூளவம்சம் ஒளிக்காமல் சொல்கிறது. அதற்காகவே அந்த நூலுக்கு நான் பல குறைகளை மன்னிப்பேன்.

மானவர்மனின் வழியினர் சோழர் வரும் வரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு அனுராதபுரத்தில் ஆண்டார்கள். காஞ்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே அரசரானார்கள். அனுராதபுரத்து இசுருமுனியாவில் பாறையில் செதுக்கிய யானைகளைப் பார்ப்பவர்கள் அர்ச்சுனன் தபசை நினைப்பது தற்செயல் இல்லை என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

ராஜசிம்மனின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. கடற்கரைக் கோயிலைக் கட்டியவன், வாயலூர்த் தூணில் தன் முன்னோர் பட்டியலை வெட்டிவைத்தவன். 720இல் சீனப் பேரரசனுக்கு அவன் தூது அனுப்பினான். என் யானைகளையும் படையையும் தருகிறேன், உங்கள் எதிரிகளை அடக்கலாம் என்பது சேதி. எதிரிகளாக அவன் குறிப்பிட்டவர்கள் இரண்டு பேர்: அரபியர், திபெத்தியர். 1956இல் டெல்லி முழுக்கப் பேச்சாக இருந்த அந்தத் திபெத்தேதான். செங்கல்பட்டுச் சீமையின் யானையை இமயத்துக்கு அந்தப் பக்கம் அனுப்புவதாகச் சொன்ன அந்த வாக்குறுதி யாருக்கு வசதியாக இருந்தது, பதிலுக்குப் பல்லவப் படைக்குச் சீனப் பேரரசன் என்ன பட்டம் கொடுத்தான் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)